எனக்கு நானே அனுப்பாத மெயில்

உங்கள் மெயில் முகவரியிலிருந்தே உங்களுக்கு ஒரு மிரட்டல் வந்திருக்கிறதா? பாஸ்வேர்டு போய்விட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் போயிருக்காது.

நான் திருப்பூரில் ஒரு சின்ன பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். எங்களிடம் ஐடி ஆள் என்று தனியாக யாரும் கிடையாது. ரவுட்டர் மக்கர் பண்ணினாலும் பிரிண்டரில் டோனர் தீர்ந்தாலும் என் மேஜைக்குத்தான் வருவார்கள். இந்த மெயில் விவகாரமும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

முதலில் வந்தது அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அண்ணனுக்கு. "உன் கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிட்டேன், கேமரா வழியாக உன்னைப் படம் பிடித்திருக்கிறேன், பிட்காயின் அனுப்பு, நம்பிக்கை இல்லையென்றால் இந்த மெயில் யாருடைய முகவரியிலிருந்து வந்திருக்கிறது என்று பார்." அனுப்பியவர் இடத்திலும் அவர் முகவரி, பெறுபவர் இடத்திலும் அவர் முகவரி. "அம்மிணி, நம்ம மெயில்ல இருந்தே வந்திருக்குதே" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அவருடைய கம்ப்யூட்டரில் கேமராவே கிடையாது. மானிட்டரின் தலையில் பழனி முருகன் படம்தான் ஒட்டியிருக்கிறது. அதைக் காட்டிய பிறகுதான் கொஞ்சம் சிரித்தார்.

இந்த ரக மிரட்டல் 2018-லிருந்து உலகம் முழுக்கச் சுற்றுகிறது. சிலவற்றில் நாம் எப்போதோ வைத்திருந்த பழைய பாஸ்வேர்டையும் சரியாக எழுதியிருப்பார்கள். அதுவும் உள்ளே புகுந்து எடுத்தது அல்ல. 2012-ல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து திருடு போன மாதிரியான பட்டியல்களிலிருந்து பொறுக்கியது. அந்தப் பாஸ்வேர்டு இன்னும் எங்காவது உபயோகத்தில் இருந்தால் மாற்றிவிடுங்கள். மெயிலுக்குப் பதில் போடாதீர்கள், பணம் அனுப்பாதீர்கள். அவ்வளவுதான்.

எனக்கு உண்மையில் கவலை தந்தது அடுத்து வந்த மெயில். அதில் மிரட்டல் எதுவும் இல்லை. "ஸ்கேன் செய்த கோப்பு" என்று ஒரு தலைப்பு, கீழே ஒரு இணைப்பு. எங்கள் ஆபீஸ் ஜெராக்ஸ் மெஷினில் ஸ்கேன் பண்ணினால் கோப்பு ஆபீஸ் முகவரியிலிருந்து ஆபீஸ் முகவரிக்கே வரும். பேக்கிங் லிஸ்ட், டெஸ்ட் ரிப்போர்ட், டையிங் பில் எல்லாம் அப்படித்தான் வருகிறது. நமக்கு நாமே அனுப்பின மாதிரி வரும் மெயிலைச் சந்தேகப்படவே எங்கள் ஆட்களுக்குத் தோன்றாது. இணைப்பைத் திறந்தால் மெயில் லாகின் பக்கம் மாதிரி ஒன்று வருகிறது. முகவரி ஏற்கெனவே நிரப்பியிருக்கிறது, பாஸ்வேர்டு மட்டும்தான் கேட்கிறது. மிரட்டுகிறவனைவிட இவன் கெட்டிக்காரன்.

அடுத்தவர் முகவரியிலிருந்து அனுப்பின மாதிரி காட்ட எப்படி முடிகிறது? மெயில் அனுப்பும் விதிமுறையை ஜான் போஸ்டல் என்ற அமெரிக்க கம்ப்யூட்டர் விஞ்ஞானி எழுதியது 1982-ல். அதில் அனுப்புகிறவர் யார் என்று சோதிக்கும் ஏற்பாடே கிடையாது. மொய்க்கவரில் யார் பேரை வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம், மொய் எழுதுகிறவர் கவர் மேல் இருக்கிற பேரைத்தானே நோட்டில் ஏற்றுவார். இதுவும் அதே கணக்குதான். போதாததற்கு ஒரு மெயிலில் அனுப்புநர் முகவரி இரண்டு இடத்தில் வரும். ஒன்று சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது சொல்வது. இன்னொன்று நம் திரையில் தெரிவது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஜிமெயிலில் மூன்று புள்ளியை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' போனால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஸ்கேன் மெயிலில் எஸ்பிஎஃப் (அனுப்பிய சர்வருக்கு அந்தப் பேரில் அனுப்ப அனுமதி உண்டா என்று பார்க்கும் சோதனை) 'பாஸ்' என்று இருந்தது. இங்கேதான் பலர் குழம்புவார்கள். எஸ்பிஎஃப் சோதிப்பது திரையில் தெரியும் முகவரியை அல்ல, சர்வர் பேச்சில் வருகிற முகவரியை. அங்கே அந்த ஆள் தன்னுடைய டொமைனை (முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பகுதி) கொடுத்திருந்தான், அதற்குச் சரியாக 'பாஸ்' கிடைத்துவிட்டது. நம் டொமைனின் டிகேஐஎம் கையெழுத்து, அதாவது மெயில் அந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்று சர்வர் போடும் டிஜிட்டல் முத்திரை, அதுதான் இல்லை. அப்படியே உங்கள் செட்டிங்ஸில் தெரியாத ஃபார்வர்டு முகவரியோ ஃபில்டரோ முளைத்திருக்கிறதா, லாகின் பட்டியலில் தெரியாத ஊர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இரண்டும் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் வீட்டுக்குள் யாரும் வரவில்லை.

டொமைன் வாங்கின இடத்து சப்போர்ட் ஆளிடம் கேட்டேன். "உங்க டொமைனை ஸ்பாம் ஃபில்டர்ல வைட்லிஸ்ட் பண்ணிடுங்க மேடம்" என்றார். நம் பேரைச் சொல்லிக்கொண்டு எவன் வந்தாலும் சோதிக்காமல் உள்ளே விடு என்பதுதான் அதற்கு அர்த்தம். பண்ணவில்லை.

இதற்கு உருப்படியான மருந்து டிமார்க். 2012-ல் வெளியானது. திரையில் தெரியும் டொமைனும் எஸ்பிஎஃப்-ல் அல்லது டிகேஐஎம்-ல் தேறிய டொமைனும் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் இன்னது செய் என்று உலகத்தில் இருக்கும் மெயில் சர்வர்களுக்கு நாம் டிஎன்எஸ்-ல் (டொமைன் விவரங்கள் இருக்கும் இணைய முகவரிப் புத்தகம்) எழுதி வைக்கும் ஒரு வரி அது. 'நன்' என்று போட்டால் சும்மா பார்த்துக்கொண்டிரு, 'குவாரண்டைன்' என்றால் ஸ்பாமில் போடு, 'ரிஜெக்ட்' என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பு. 2024 பிப்ரவரியிலிருந்து ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புகிறவர்களுக்கு கூகுள் இதைக் கட்டாயமாக்கியது. எங்களைப் போன்ற சின்னவர்களை யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் போடுவதும் இல்லை. போட்டவர்களிலும் பலர் 'நன்'னில் விட்டுவிட்டுப் பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சிசிடிவி மாட்டிவிட்டுக் கதவைத் திறந்து போட்ட கதைதான்.

அதற்காக முதல் நாளே 'ரிஜெக்ட்' போடவும் கூடாது. முதலில் 'நன்' போட்டு ரிப்போர்ட் வர ஒரு முகவரி கொடுத்தேன். தினமும் எக்ஸ்எம்எல் கோப்பாக வரும், கண்ணால் படிக்க முடியாது, ஆனால் இலவசமாகப் பிரித்துக் காட்டும் தளங்கள் இருக்கின்றன. அப்போதுதான் தெரிந்தது, எங்கள் பேரில் நாங்களே எத்தனை இடத்திலிருந்து அனுப்புகிறோம் என்று. சம்பளச் சீட்டு அனுப்பும் சாஃப்ட்வேர் ஒரு சர்வர் வழியாகப் போகிறது. ஜெராக்ஸ் மெஷின், பல வருஷத்துக்கு முன்னால் யாரோ செட் பண்ணிக் கொடுத்த பழைய ஹோஸ்டிங் சர்வர் வழியாக, கையெழுத்து எதுவும் இல்லாமல், திருட்டு மெயில் மாதிரியே போய்க்கொண்டிருந்தது. மெஷினை ஆப் பாஸ்வேர்டு (இந்த மாதிரி மெஷினுக்கென்று கூகுள் தனியாகத் தரும் பாஸ்வேர்டு) போட்டு ஜிமெயில் வழியாக மாற்றினேன். சாஃப்ட்வேர்காரரிடம் டிகேஐஎம் கேட்டு வாங்குவதற்குள்தான் தாவு தீர்ந்தது. அப்புறம் குவாரண்டைன், அப்புறம் ரிஜெக்ட். வாங்கிப்போட்டு உபயோகிக்காமல் கிடந்த டொமைனுக்கும் ரிஜெக்ட் போட்டாயிற்று.

மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும். பிரிண்டர், ஸ்கேனர் போன்றவை பாஸ்வேர்டு இல்லாமலே உள் ஆட்களுக்கு மெயில் போட 'டைரக்ட் சென்ட்' என்ற வசதி அதில் இருக்கிறது. 2025-ல் அதே வழியாக வெளியாட்கள் உள் ஆள் போல மெயில் அனுப்பியதை வரோனிஸ் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது. உங்கள் மெஷினுக்கு அது தேவையில்லை என்றால் அட்மினிடம் சொல்லி 'ரிஜெக்ட் டைரக்ட் சென்ட்' செட்டிங்கைப் போட்டுவிடுங்கள்.

முதலாளி கேட்டார், "ஏன் கண்ணு, நமக்கு வர்றதை டெலிட் பண்ணிட்டுப் போனா ஆச்சு, இதுக்கு இவ்வளவு பாடா?" நமக்கு வருவது தொல்லை மட்டும்தான். எங்கள் முகவரியைப் போட்டு எங்களுக்கே அனுப்ப முடிகிறவன், அதே முகவரியைப் போட்டு எங்கள் சரக்கை வாங்கும் பையருக்கும் அனுப்பலாம். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த ஷிப்மென்ட் பணத்தைக் கீழ்க்கண்ட கணக்கில் போடவும்." ஒரு கன்டெய்னர் பணம் போனால் எங்களைப் போன்ற கம்பெனி எழுந்திருக்க முடியாது. இந்த மாதிரி வியாபார மெயில் மோசடியில் 2023-ல் மட்டும் சுமார் 290 கோடி டாலர் போனதாக அமெரிக்க எஃப்பிஐ-யிடம் புகார் பதிவாகியிருக்கிறது. இதைச் சொன்னதும் முதலாளி மறுபேச்சுப் பேசவில்லை.

டிமார்க் எல்லாவற்றையும் தடுக்காது. எங்கள் டொமைனில் ஓர் எழுத்தை மாற்றி எவனாவது புதிதாக வாங்கினால் அதற்கு அது காவல் இல்லை. அதனால் பையருக்கு முன்கூட்டியே அனுப்பும் பி.ஐ.யின் (ப்ரோஃபார்மா இன்வாய்ஸ்) அடியில் ஒரு வரி சேர்த்தோம்: வங்கி விவரம் மாறியதாக மெயில் வந்தால் நம்பாதீர்கள், உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணுக்கு ஃபோன் செய்து கேளுங்கள். பணம் போய்விட்டால் நம் ஊரில் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு உடனே அடிக்க வேண்டும் என்பதையும் அக்கவுண்ட்ஸ் அண்ணன் மேஜையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

போன வருஷம் பேக்கிங் கிரெடிட்டுக்காக (சரக்கு அனுப்புவதற்கு முன் ஏற்றுமதியாளருக்கு வங்கி தரும் கடன்) நாங்கள் நிஜமாகவே வங்கி மாறினோம். ஜெர்மனி பையருக்கு மெயில் போட்டோம். அந்த அம்மாள் பணத்தை நிறுத்திவிட்டு, முதலாளியை வீடியோ காலில் கூப்பிட்டு, கணக்கு எண்ணை வாயால் படிக்கச் சொன்னார். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எனக்கே கேட்காத மாதிரி மெதுவாக, ஒவ்வொரு எண்ணாகப் படித்தார்.