ஓர் எழுத்து வேறுபாடு

பாலுறவால் பரவும் கொனோரியா என்ற பாக்டீரியாத் தொற்றுக்குச் சிகிச்சை பெற்ற ஒருவர் சில வாரங்களில் அதே தொந்தரவுடன் திரும்பி வந்தால், மருத்துவர் எங்கள் ஆய்வகத்திடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: மருந்து கேட்கவில்லையா, புதிதாகத் தொற்றிக்கொண்டதா? சாக்லேட் அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் வளரும் சாம்பல் நிறப் பாக்டீரியாக் கூட்டங்களைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. எந்தத் திரிபாக (பாக்டீரியாவின் உள்வகையாக) இருந்தாலும் ஆக்சிடேஸ் சோதனைக் கரைசல் பட்டதும் ஊதாவாகத்தான் மாறும்.

அதனால் 2004-இல் வெளியான என்ஜி-மாஸ்ட் முறையைப் பயன்படுத்தினோம். போர்-பி மரபணுவில் சுமார் 490 டிஎன்ஏ எழுத்துகளையும் டிபிபி-பி மரபணுவில் சுமார் 390 எழுத்துகளையும் படித்து, அவற்றின் சேர்க்கைக்கு ஓர் எண் தரும் முறை இது. இரண்டும் பாக்டீரியாவின் மேற்புறப் புரதங்களுக்கானவை. உடலின் எதிர்ப்புக்கு ஈடுகொடுத்து வேகமாக மாறுபவை. எனவே அண்மைக்காலப் பரவலைப் பிரித்தறிய இவை ஏற்றவை. ஆனால் கொனோரியா பாக்டீரியா தன் இனத்தையும் நெருங்கிய உறவினங்களையும் சேர்ந்த பிற பாக்டீரியாக்களின் டிஎன்ஏவை எளிதாக ஏற்றுக்கொள்ளும் என்பதால், நீண்டகால வம்சாவளியை இந்த இரண்டை மட்டும் நம்பிச் சொல்வதை நான் ஏற்பதில்லை.

ஒருமுறை, ஐந்து வார இடைவெளியில் ஒரே நோயாளியிடம் எடுத்த இரு மாதிரிகள் போர்-பியில் ஒரே ஓர் எழுத்தால் வேறுபட்டன. ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். அதாவது, புதுத் தொற்று என்று அறிக்கை போயிருக்கும். அந்த ஒரு சொல் ஒரு குடும்பத்துக்குள் என்ன செய்யும் என்ற அச்சத்தில் ஒவ்வோர் எழுத்தையும் ஒரு நிற முகடாகக் காட்டும் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். அந்த இடத்தில் கறுப்பு முகட்டின் அடியில், ஏறக்குறைய அதே உயரத்தில் ஒரு பச்சை முகடு ஒளிந்திருந்தது. மென்பொருள் உயர்ந்ததை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தது. அந்த டிஎன்ஏ துண்டை மறுபடி நகலெடுத்துப் பெருக்கி, எதிர்த்திசையிலிருந்தும் படித்தபோது பச்சை மட்டுமே தெளிவாக வந்தது. இரண்டும் ஒரே திரிபு.

ஒரே திரிபு என்பதாலேயே மருந்து தோற்றது என்றாகிவிடாது. சிகிச்சை பெறாத துணையிடமிருந்து அதே பாக்டீரியா திரும்பி வந்திருக்கலாம். அந்த மருந்துக்கு அது கட்டுப்படுவதை உணர்திறன் சோதனை காட்டியதால், துணைக்குச் சிகிச்சை நடந்ததா என்று மருத்துவரிடம் கேட்டேன். நடக்கவில்லை. அடுத்த வாரம் வந்த துணையின் மாதிரியை இரு திசையிலும் படித்தேன். அதே எண்தான் வந்தது.