பன்னிரண்டு கட்டிலும் பதினாலு ஸ்தலமும்

அம்மா செய்த பொருத்தனையை, அதாவது நேர்ச்சையை, நிறைவேற்ற எனக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டது. 2022 ஏப்ரல் 15, பெரிய வெள்ளிக்கிழமை, சிங்கப்பூர் ஓஃபிர் ரோட்டில் இருக்கும் லூர்து மாதா கோயிலில், இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் சிலுவைப்பாதையின் பதினாலு ஸ்தலத்திலும் முழந்தாளிட்டுச் செபித்து முடித்தேன். மாதாவே, உமக்குக் கோடி நன்றி. சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. முன்னே பின்னே போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் மணப்பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம். சவேரியார் செபித்த குகையும், கடலைப் பார்த்து மேட்டில் நிற்கும் திருச்சிலுவை ஆலயமும் எங்களுக்கு வீட்டு முற்றம் மாதிரி. செப்டம்பர் 14 திருவிழாவுக்கு எந்தக் கடலில் இருந்தாலும் வள்ளம் கரைக்கு வந்துவிடும். அப்பா வலையோடு போனார், நான் சிங்கப்பூருக்கு வந்து கம்பி கட்டுகிறேன். வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்க்காரர் ஒருவர் லூர்து மாதா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இங்கே வாழ்ந்த தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 1888இல் எழுப்பிய கோயில், பிரான்ஸ் லூர்து நகரத்துக் கோயிலின் சாயலில் கட்டியது என்றார். எனக்கு அதெல்லாம் அப்போது மனதில் நிற்கவில்லை. பீடத்திலிருந்து தமிழில் "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று கேட்டதும் கண்ணீர் வந்துவிட்டது, அதுதான் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து வாரம் முழுக்க வெயிலில் நிற்பதற்கு ஞாயிற்றுக்கிழமை பூசைதான் எனக்குத் தெம்பு.

2020 பிப்ரவரி 9 ஞாயிறு, அதுதான் கடைசிப் பூசை. அந்த வாரமே, கொரோனாவால் 15ஆம் தேதி முதல் சிங்கப்பூர் முழுவதும் பொதுத் திருப்பலிகள் நிறுத்தப்படுகின்றன என்று மறைமாவட்டத்திலிருந்து அறிவிப்பு வந்தது. இரண்டு வாரம், மூன்று வாரம் என்று நினைத்தோம். 26ஆம் தேதி திருநீற்றுப் புதன் வந்தது. நெற்றியில் சாம்பல் இல்லாமல் ஒரு தவக்காலத்தைத் தொடங்குவேன் என்று நான் நினைத்ததே இல்லை. அன்று வேலையிடத்தில் சிமெண்டுத் தூசி படிந்த நெற்றியைத் துடைக்காமலே மாலை வரை இருந்தேன். அதையே ஆண்டவர் ஏற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 27ஆம் தேதி போப்பாண்டவர் பிரான்சிஸ் ரோமில் தனியாக நின்று செபித்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்களுக்கு அப்போது சனிக்கிழமை விடியற்காலை ஒரு மணி. மேல் கட்டிலில் போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு பார்த்தேன். மழை பெய்கிறது, அவ்வளவு பெரிய சதுக்கத்தில் ஆளே இல்லை. 1522இல் கொள்ளைநோய் வந்தபோது ரோம் நகரத் தெருக்களில் தூக்கிச் சென்ற சிலுவையை அங்கே வைத்திருந்தார்கள். அதன் மேல் மழைத்தண்ணீர் வழிந்தது. புயலில் படகு தத்தளித்த நற்செய்தியை வாசித்தார்கள். "ஏன் அஞ்சுகிறீர்கள்?" என்று இயேசு கேட்கும் இடம். கடலில் அப்பா கரை திரும்பாத ஒரு ராத்திரி முழுக்க விளக்கை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்த அம்மாவைத்தான் நினைத்தேன். மறுநாள் அப்பா வந்துவிட்டார். இந்தப் புயலும் அப்படித்தான் என்று தோன்றியது.

ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு. அன்றைக்குத்தான் சுமார் இருபதாயிரம் பேர் இருந்த இரண்டு தொழிலாளர் விடுதிகளைத் தனிமைப்படுத்தியதாகச் செய்தி வந்தது. சில நாளில் எங்கள் விடுதிக் கதவும் பூட்டப்பட்டது. ஊரில் அன்று ஓசன்னா பாடிக்கொண்டு ஓலையோடு தெருத்தெருவாகப் போவோம். இங்கே ஓலைக்கு எங்கே போக? பையில் கட்டுக்கம்பி கிடந்தது. இரண்டு துண்டு வெட்டி, நடுவில் நாலு முறுக்கு முறுக்கி, உள்ளங்கை அளவில் ஒரு சிலுவை செய்தேன். ஒரு நாளைக்கு ஆயிரம் முடிச்சுப் போடும் கைதான், ஆனால் அந்த ஒரு முடிச்சைப் போட வெகுநேரம் ஆனது.

எங்கள் அறையில் பன்னிரண்டு பேர். ஆறு இரட்டைக் கட்டில், கீழே ஒருவர், மேலே ஒருவர். ராமநாதபுரத்து பாய், மன்னார்குடி அண்ணன், கடலூர்த் தம்பி, வங்காளதேசத்து நண்பர்கள் மூன்று பேர், மற்றவர்கள் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம். வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன், நான் ஒருவன்தான். பெரிய வியாழன் அன்று காலையில் கடலூர்த் தம்பிக்குக் காய்ச்சல், மாலையில் ஆம்புலன்ஸ் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் தலையணையின் குழிவு கூட மாறவில்லை. யாருக்கும் தூக்கம் வரவில்லை. நேரத்துக்கு வராத, வந்தாலும் வேகாத சோற்றைப் பற்றிப் பேசிப் பேசியே விடிந்தது. அந்தச் சாப்பாட்டைக் கொண்டுவந்தவர்கள் மேல் எனக்கு அப்போது நிறையக் கோபம் இருந்தது. ஆண்டவர் மன்னிக்கட்டும்.

மறுநாள் பெரிய வெள்ளி, ஏப்ரல் 10. மூன்று மணிக்கு யாருக்கும் தொந்தரவு இல்லாமல் என் கட்டிலிலேயே சிலுவைப்பாதை செய்யலாம் என்று உட்கார்ந்தேன். மன்னார்குடி அண்ணன் கேட்டார்: "என்னப்பா, இன்னைக்கு உங்களுக்குப் பெரிய நாளாச்சே, கோயில்ல என்ன செய்வீங்க?" பதினாலு இடத்தில் நின்று இயேசுவின் பாடுகளைத் தியானிப்போம் என்றேன். அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "பன்னிரண்டு கட்டில் இருக்கு. கதவு ஒண்ணு, சன்னல் ஒண்ணு. சரியா இருக்குல்ல?"

எனக்குப் பேச்சு வரவில்லை. கம்பிச் சிலுவையைக் கையில் பிடித்துக்கொண்டு முதல் கட்டிலிலிருந்து தொடங்கினேன். அவரவர் கட்டில் ஓரத்தில் அவரவர் எழுந்து நின்றார்கள். நான் வரும்போது காயப்போட்ட துணியை ஒதுக்கி வழி விட்டார்கள். "உமது பாரமான திருச்சிலுவையினாலே உலகத்தை மீட்டு இரட்சித்தீர்" என்று நான் ஒவ்வொரு தடவையும் சொல்ல, நாலாவது ஸ்தலத்துக்குள் அண்ணனுக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டது. ஐந்தாவது கட்டில் பாயுடையது. சீமோன் சிலுவையைச் சுமக்க உதவுகிறார். முழந்தாளிட்டு எழுந்திருக்கும்போது முட்டியில் பழைய அடி வலித்து நான் தடுமாறினேன். பாய் என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அவருக்கு அந்த ஸ்தலத்தின் கதை தெரியாது.

ஒன்பதாவது கட்டில் கடலூர்த் தம்பியுடையது. இயேசு மூன்றாம் முறை கீழே விழுகிறார். அங்கே யாரும் நிற்கவில்லை. அந்தத் தலையணையைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. யாரும் அவசரப்படுத்தவில்லை. பத்தாவது கட்டில் வங்காளதேசத்து நண்பர் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஸ்தலத்துக்குப் போனேன். பதினாலாவது ஸ்தலம் சன்னல். வெளியே கீழே ஒரு ஆள் நடமாட்டம் இல்லை. எதிர் பிளாக்கில் நூறு சன்னல், நூறு சன்னலிலும் தலைகள்.

நான் எத்தனையோ பெரிய வெள்ளியில் ஊர்க்கூட்டத்தோடு நடந்திருக்கிறேன். அன்றைக்குப் போல் ஆண்டவர் பக்கத்தில் நின்றதாக எப்போதும் உணர்ந்ததில்லை.

அப்புறம் எனக்கும் வந்தது. ஏப்ரல் கடைசியில் பரிசோதனையில் இருக்கிறது என்று சொல்லி, சாங்கிப் பக்கம் இருக்கும் எக்ஸ்போ மண்டபத்துக்குக் கொண்டு போனார்கள். அவ்வளவு பெரிய மண்டபத்தில் தடுப்புத் தடுப்பாகக் கட்டில்கள். மூன்று நாள் நல்ல காய்ச்சல், வாசனை அடியோடு போய்விட்டது. போனில் அம்மா அழவில்லை. "நான் மாதாகிட்ட சொல்லிட்டேன். நீ எழுந்து நடந்தா, அங்க இருக்கிற கோயில்ல பதினாலு ஸ்தலமும் முழங்கால்ல இருந்து செபிச்சு, கெபியில மெழுகுவர்த்தி ஏத்தணும். எனக்குப் பதிலா நீ செய்யணும்" என்றார். கெபி என்றால் மாதா சுரூபம் வைத்திருக்கும் குகை. பத்துப் பதினைந்து நாளில் குணமாகி வந்தேன். கடலூர்த் தம்பியும் எனக்கு முன்னால் திரும்பியிருந்தான். ஸ்தோத்திரம்!

நடக்க முடிந்தது, போகத்தான் முடியவில்லை. 2020 ஜூலையில் கோயில்களில் ஐம்பது பேரோடு திரும்பவும் பூசை தொடங்கியது. ஊர்க்காரர் ஒருவர் அந்தப் படத்தை அனுப்பினார். விடுதியில் இருந்த எங்களுக்கு வேலைக்குப் போகும் பஸ், திரும்பி வரும் பஸ், பொழுதுபோக்கு மையம், அவ்வளவுதான். 2021 தவக்காலமும் அறையிலேயே போனது. அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்பார், "போனியா?" இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே பாரமாகிவிட்டது. நேர்ச்சைக் கடன் நெஞ்சில் கல் மாதிரி, அனுபவித்தவர்களுக்குத் தெரியும். 2022இல்தான் வெளியே போகும் அனுமதியைக் கூட்டினார்கள், விடுமுறை நாளில் முப்பதாயிரம் பேர் வரை. பெரிய வெள்ளிக்கு எனக்குக் கிடைத்தது, எட்டு மணி நேரம்.

ஒருசந்தி (நோன்பு) இருந்துகொண்டு துவாஸிலிருந்து ரயில் ஏறினேன். ஜூரோங் தாண்டியதும் நிற்க இடமில்லை. பூகிஸில் இறங்கினால் அதைவிடக் கூட்டம், பொது விடுமுறை, கடைப்பைகளை இடித்துக்கொண்டு போகிறார்கள். நடுவழியில் நின்று போனில் படம் எடுக்கிறார்கள். இன்றைக்கு என்ன நாள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஓஃபிர் ரோட்டுக்கு வந்து கோபுரத்தைப் பார்த்ததும் அதெல்லாம் இறங்கிவிட்டது. சாலையைக் கடக்காமல் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே நின்றேன்.

உள்ளே காலையிலேயே நிறையப் பேர், எல்லார் முகத்திலும் மாஸ்க். முதல் ஸ்தலத்தின் முன் முழந்தாளிட்டேன். வாய் செபத்தைச் சொல்கிறது, கண்ணுக்குத் தெரிவது கட்டில் ஓரத்தில் லுங்கியோடு நிற்கும் மன்னார்குடி அண்ணன். அவர் 2021இல் ஊருக்குப் போய்விட்டார். ஐந்தாவது ஸ்தலத்தில் பாயின் கை. ஒன்பதாவதில் தம்பியின் தலையணை. இங்கேதான் முட்டி மறுபடியும் பிடித்துக்கொண்டது. எழுந்திருக்க முடியாமல் பெஞ்சைப் பற்றிக்கொண்டு அப்படியே இருந்தேன். சுவரில் இயேசு விழுந்து கிடக்கிறார், நான் கீழே இருக்கிறேன். ஆண்டவரே, அன்றைக்கு அந்த அறைக்கு வந்தது நீர்தானே என்று கேட்டேன். வேறு ஒரு மன்றாட்டும் வரவில்லை. கொண்டுவந்த கருத்துகள் அத்தனையும் மறந்துபோயின, தங்கையின் கல்யாணம் உள்பட. சட்டைப்பையில் இருந்த கம்பிச் சிலுவை நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. துரு ஏறி ஓரம் கூர்மையாகிவிட்டது.

பதினாலையும் முடித்துவிட்டுக் கெபிக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன். அம்மாவுக்கு வீடியோ போட்டேன். போனை மாதாவின் பக்கம் திருப்பினேன். ஊரில் கடல் காற்றின் சத்தம்தான் கேட்டது, அம்மாவின் சத்தம் இல்லை. தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கும்பிட்டபடியே இருந்தார். கடைசியில், "மாதா வயசாகாம இருக்காங்கடா" என்றார். பின்னால் மூன்று பேர் காத்துக்கொண்டிருந்தார்கள், நகர மனமில்லாமல் நகர்ந்தேன். மூன்று மணி வழிபாட்டுக்கும் இருந்தேன். அதை எழுதப்போனால் இது முடியாது.

நேரத்துக்குள் விடுதிக்கு வந்துவிட்டேன். ரமலான் மாதம், பாய் நோன்பு திறக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார். நான் அதுவரை ஒன்றும் சாப்பிடவில்லை. மாக்ரிப் நேரம் ஆனதும் ஒரு பேரீச்சம்பழத்தை என் கையில் வைத்தார். கிண்ணத்தில் நோன்புக் கஞ்சியை ஊற்றி நீட்டினார்.

"குடிப்பா. உனக்கு இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்ல, கறி போடல."

ஊரில் பெரிய வெள்ளி வழிபாடு முடிந்ததும் கோயில் வாசலில் கஞ்சி ஊற்றுவார்கள். அதே மணம்.