ஒரு விண்ணப்பமும் 9 இணைப்புகளும்

எங்கள் துறையின் ஐந்தாண்டுத் திட்டத்தை அரசின் மின்னாளுகை இலக்குகளோடு பொருத்தித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பதினொரு மாதங்கள் ஆயின.

முதல் வரைவு வெறும் அட்டவணை. 2020இல் ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பு) வெளியிட்ட மின்னரசுக் கொள்கைச் சட்டகத்தில் ஆறு கூறுகள் உண்டு. பயனாளரை முன்னிறுத்துதல், தரவின் துணையோடு நிர்வகித்தல், மக்கள் கேட்பதற்கு முன்பே சேவை தருதல் ஆகியவை அவற்றில் சில. அவற்றை இடப்பக்கம் எழுதி, ஏற்கெனவே இருந்த எங்கள் பணிகளை வலப்பக்கம் நிரப்பினேன். இணையதளத்தைப் புதுப்பிக்கும் ஒரே பணி நான்கு இடங்களில் பொருந்தியது! நிதிப் பிரிவு கோப்பைத் திருப்பி அனுப்பியது. ஓரத்தில் ஒரே கேள்வி: “இதனால் எந்தச் செலவினம் மாறுகிறது?” ஒன்றும் மாறவில்லை. சென்ற ஆண்டின் ஒதுக்கீடுகளே வேறு தலைப்புகளில் இருந்தன.

அதன் பிறகுதான் அதிகம் பேர் நாடும் ஒரு சேவையை எடுத்துக்கொண்டு மூன்று நாட்கள் கவுண்டரின் உட்புறம் உட்கார்ந்தேன். விண்ணப்பத்துக்கு 9 இணைப்புகள். அவற்றில் 6 அரசு அலுவலகங்களே வழங்கியவை. அந்த ஆறிலும் இரண்டு எங்கள் துறையே கொடுத்தவை. எங்கள் ஆணையின் நகலுக்குச் சான்றொப்பம் வாங்கிவந்து எங்களிடமே நீட்டிய முதியவரின் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அரசு அலுவலகங்கள் தங்கள் தரவுகளைத் தமக்குள் பாதுகாப்பாகப் பரிமாறிக்கொள்ள உதவும் எஸ்டோனியாவின் எக்ஸ்-ரோடு அமைப்பு 2001 முதல் இயங்குகிறது என்பதைப் பலரும் சொல்வார்கள். ஒரே தரவைத் திரட்டத் தனித்தனித் தரவுத்தளங்கள் அமைப்பதை அந்நாட்டின் சட்டமே தடுக்கிறது என்பதுதான் என்னை உலுக்கியது. எங்கள் விதியோ ‘சான்றொப்பமிட்ட நகல்’ வேண்டும் என்றது. அந்த ஒரு சொற்றொடர் இருக்கும்வரை எவ்வளவு நல்ல மென்பொருள் வாங்கினாலும் காகிதம் பிடிஎஃப் ஆகும், அவ்வளவுதான். ஆகவே ‘அனைத்து விண்ணப்பங்களும் இணையவழியில்’ என்ற இலக்கை அடித்துவிட்டு, ‘இணைப்புகள் 9இலிருந்து 3’ என்று எழுதினேன். மென்பொருளுக்கு முன்னால் விதித் திருத்தம் வந்தது.

கடும் எதிர்ப்பு பிரிவுக் கண்காணிப்பாளர்களிடமிருந்து. “நகல் இல்லையென்றால் தணிக்கைக்கு யார் பதில் சொல்வது?” பழமைவாதம் என்று அதை ஒதுக்குவது அநியாயம், தணிக்கையில் எழும் ஆட்சேபத்தின் (தணிக்கைத் தடையின்) சுமை அவர்கள் தலையில்தான் விழும். தணிக்கையாளர்களையே கூட்டத்துக்கு அழைத்தோம். எந்தப் பதிவேட்டை, யார், எந்த நேரத்தில் சரிபார்த்தார் என்ற மின்பதிவு போதும் என்று அவர்கள் எழுத்தில் தர நான்கு மாதங்கள் பிடித்தன. முழுப் பயணத்திலும் விலைமதிப்பற்ற காகிதம் அதுதான். கொள்முதல், பயிற்சி எல்லாம் அதன்பின் சிக்கலின்றி நகர்ந்தன. இணைய வசதி இல்லாதவர்களுக்காகக் கவுண்டர் தொடரும் என்பதையும் திட்டத்திலேயே சேர்த்தோம். அதை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

விதி திருத்தப்பட்டது. எங்கள் இரு ஆவணங்களைக் கேட்பதை நிறுத்திவிட்டோம். எஞ்சிய நான்கில் இரண்டுக்குப் பிற துறைகளுடன் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. மற்ற இரண்டு துறைகள் குடிமக்களின் முழுப் பதிவையும் தரத் தயங்குகின்றன. தயக்கம் நியாயமானது. தகுதி உண்டா, இல்லையா என்ற விடை மட்டுமே எங்களுக்கு வேண்டும் என்று கடிதத்தைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன்.