20 மில்லிமீட்டரில் மூடிய டிராவர்ஸ்

போன மாதம் முதன்முதலாக நான் தனியாக ஓட்டிய டிராவர்ஸ் 20 மில்லிமீட்டரில் மூடியது. நிலத்தின் மூலைகளில் கருவியை வைத்துக் கோணமும் பக்க நீளமும் அளந்தபடி சுற்றி வந்து, தொடங்கிய புள்ளியிலேயே முடிப்பதுதான் டிராவர்ஸ். கணக்கில் அது அந்தப் புள்ளிக்கு 20 மில்லிமீட்டர் தள்ளி முடிந்தது. கருவி வைத்த புள்ளிகள், அதாவது ஸ்டேஷன்கள், நாலு. கிட்டத்தட்டச் செவ்வகமான நிலம். நீளம் 180 மீட்டர், அகலம் 120 மீட்டர், சுற்றளவு 600. கணக்குப் போட்டால் பிழை 30,000-க்கு 1. உள்கோணங்கள் நாலையும் கூட்டினால் 360 டிகிரிக்கு 8 செகண்ட்தான் குறைவு. சாதாரண வேலைக்கு 5,000-க்கு 1 வந்தாலே போதும் என்று படித்திருந்த எனக்குக் கை நடுங்கும் அளவுக்குச் சந்தோஷம். பீல்டு புக்கை எடுத்துக்கொண்டு சாரிடம் ஓடினேன்.

சார் முப்பது வருஷத்துக்கு மேல் நிலம் அளப்பவர். உரிமத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே அவரிடம் உதவியாளராக இருக்கிறேன். பக்கத்தை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். "கோணம் நல்லா வந்திருக்கும்மா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இந்த 120 மீட்டர் பக்கத்தை ஸ்டீல் டேப் வெச்சு ஒரு தடவை பிடிச்சுப் பாத்தியா?"

பிடித்துப் பார்க்கவில்லை. கோணத்தையும், எதிர்முனையில் நிற்கும் பிரிசத்துக்கு ஒளி அனுப்பித் தூரத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் மில்லிமீட்டர் வரை காட்டும்போது டேப் எதற்கு என்றே நினைத்திருந்தேன். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு முனையிலிருந்தும் அளந்திருக்கிறேன், போனதும் வந்ததும் 2 மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போகிறது என்றேன். "சரிம்மா. ரெண்டு தடவையும் அளந்தது அதே கருவி, அதே பிரிசம்தானே?" என்றார்.

மத்தியானம் நானும், ஸ்டாஃப் என்கிற அளவுக்கம்பைப் பிடிக்கிற அண்ணனும் 30 மீட்டர் டேப்போடு போனோம். தரை சமம், டேப் முழுக்கத் தரையில் படிந்து கிடந்தது, இழுவிசைக்கு ஸ்பிரிங் தராசு மாட்டினோம். தரை சாய்ந்திருந்தால் இந்தச் சோதனைக்கே அர்த்தம் இருந்திருக்காது. வெறும் 5 டிகிரி சாய்வில் 30 மீட்டருக்கு 114 மில்லிமீட்டர் போய்விடும். நாலு டேப் நீளமும் கொசுறும் சேர்த்து வந்தது 120.019 மீட்டர். டோட்டல் ஸ்டேஷன் சொன்னது 120.012. வித்தியாசம் 7 மில்லிமீட்டர். "டேப்புக்கு இது ஜாஸ்தி இல்லை, விடும்மா" என்றார் அண்ணன். எனக்கும் விட்டுவிடத்தான் தோன்றியது.

ஆனால் டேப்போடு தெர்மாமீட்டர் கட்டியிருந்தோம். அது 35 டிகிரி காட்டியது. டேப்பின் நீளம் சரியாக இருப்பது 20 டிகிரியில். ஒரு டிகிரி கூடினால் உருக்கு, மீட்டருக்கு 0.0000115 மீட்டர் நீளும். 15 டிகிரிக்கும் 120 மீட்டருக்கும் பெருக்கினால் 21 மில்லிமீட்டர். டேப் நீண்டிருக்கும்போது குறைவாகத்தான் படிக்கும், ஆகவே அந்த 21-ஐக் கூட்ட வேண்டும். கூட்டினால் 120.040. டோட்டல் ஸ்டேஷனுக்கும் இதற்கும் இப்போது 28 மில்லிமீட்டர் இடைவெளி. வெயில் அத்தனை நேரமும் பிழையை மூடி வைத்திருந்திருக்கிறது. புத்தகத்தில் வெப்பநிலைத் திருத்தத்தை எத்தனையோ முறை போட்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அது இல்லையென்றால் ஒரு தவறு கண்ணில் படாமலே போகும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

28 என்ற எண்ணைக் கேட்டதும் சாருக்குப் புரிந்துவிட்டது. வாயால் சொல்லவில்லை. "மூணு ஆணி அடிச்சுப் பாரு" என்றார்.

இந்தச் சோதனையைப் படிக்கிற எல்லாரும் ஒரு தடவையாவது கையால் செய்து பார்க்க வேண்டும். ஒரே நேர்கோட்டில் மூன்று புள்ளிகள்: அ, ஆ, இ. எதற்கும் சரியான நீளம் முன்கூட்டியே தெரிய வேண்டியதில்லை. அ-ஆ, ஆ-இ, அ-இ மூன்றையும் அளக்க வேண்டும். கருவி ஒவ்வொரு அளவிலும் ஒரே தொகையைத் தின்கிறது என்றால், இரண்டு துண்டாக அளக்கும்போது இரண்டு தடவை தின்னும், முழுசாக அளக்கும்போது ஒரு தடவைதான். எனக்கு வந்தவை 49.975, 59.981, 109.985. முதல் இரண்டையும் கூட்டினால் 109.956. முழு அளவைவிட 29 மில்லிமீட்டர் குறைவு. ஒவ்வொரு அளவிலும் கருவி தின்றது அவ்வளவு.

கருவியின் மெனுவைத் திறந்து பார்த்தேன். பிரிசம் மாறிலி, அதாவது பிரிசத்துக்கு ஏற்ப ஒவ்வொரு தூரத்தோடும் கருவி சேர்க்கும் திருத்தம், மைனஸ் 30 மில்லிமீட்டர். முந்தைய வேலையில் வேறு பிரிசம் இருந்திருக்கிறது, அதற்காகப் போட்டது அப்படியே நின்றுவிட்டது. நான் வைத்திருந்த பிரிசத்தின் பெட்டியில் 0 என்று எழுதியிருந்தது. அதைக் காலையில் திறந்ததும் நானே, மூடியதும் நானே.

அப்படியானால் டிராவர்ஸ் எப்படி மூடியது? இரவு படுக்கையில் இதை நினைத்து எழுந்து உட்கார்ந்து காகிதத்தில் வரைந்தேன். செவ்வகத்தில் எதிரெதிர்ப் பக்கங்கள் இணை. கிழக்கே போகும்போது 30 மில்லிமீட்டர் குறைவாகப் போகிறேன், மேற்கே திரும்பும்போதும் 30 குறைவாகவே திரும்புகிறேன். வடக்கு தெற்கும் அப்படியே. முழுசாகக் கழிந்துபோகிறது. 180-க்கு 120 நிலத்தில் நீளமும் அகலமும் 30 மில்லிமீட்டர் குறைந்தால் 9 சதுர மீட்டர் காணாமல் போகிறது. ஒருவருடைய நிலத்தில் 9 சதுர மீட்டர்! அது எந்தப் பிழைக் கணக்கிலும் தெரியாமல், 30,000-க்கு 1 என்ற அழகான எண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. இதற்கு மேல் பௌடிச் விதிப்படி அந்த 20 மில்லிமீட்டரைப் பக்க நீள விகிதத்தில் பங்கிட்டுக் கொடுத்துவிட்டால் பட்டியல் துளி பிசிறில்லாமல் முடிந்துவிடும். விதியில் குறையில்லை. மூடாமல் நின்றதை மட்டும்தான் அது பங்கிடும், மூடிக்கொண்டு ஒளிந்தது அதற்குத் தெரியாது.

மூலைவிட்டத்தை அளந்திருந்தால் தெரிந்திருக்குமா என்றும் போட்டுப் பார்த்தேன். ஆயத்தொலைவிலிருந்து கணக்கிட்ட மூலைவிட்டம் 42 மில்லிமீட்டர் குறைந்திருக்கும், அதே பிரிசத்தால் நேரே அளந்தது 30 குறைந்திருக்கும். கண்ணுக்குத் தெரிவது வெறும் 12. அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் அதையும் நான் மன்னித்திருப்பேன்.

அன்றிலிருந்து படிக்கிற முறையே மாறிவிட்டது. எந்தச் சோதனை வந்தாலும், இது எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று ஓரத்தில் எழுதி வைக்கிறேன். லெவலிங்கில், அதாவது கிடைமட்டமாகப் பார்க்கும் லெவல் கருவியால் ஸ்டாஃபைப் படித்து உயரம் காணும் வேலையில்தான், இது அதிகம் கிடைக்கிறது. ஒவ்வொரு தடவை கருவி வைக்கும்போதும் முதலில் படிப்பது பின்நோக்கு, கடைசியில் படிப்பது முன்நோக்கு, நடுவில் படிப்பவை இடைநோக்குகள். ஆர்.எல். என்பது புள்ளியின் உயரம். பின்நோக்குகளின் கூட்டுத்தொகையிலிருந்து முன்நோக்குகளின் கூட்டுத்தொகையைக் கழித்தால், கடைசி ஆர்.எல்.லுக்கும் முதல் ஆர்.எல்.லுக்கும் உள்ள வித்தியாசம் வர வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த பக்கச் சோதனை. அது நான் கூட்டிக் கழித்ததைத்தான் பார்க்கிறது. ஸ்டாஃபில் நான் தப்பாகப் படித்ததை அது அப்படியே ஏற்றுக்கொள்ளும். கருவியின் உயரத்திலிருந்து ஒவ்வொரு வாசிப்பையும் கழிக்கும் கருவி உயர முறையில் இடைநோக்குகளின் பக்கம் அது தலையைக்கூடத் திருப்பாது. இடைநோக்கில் கழித்தல் தப்பினாலும் சோதனை சரி என்றே சொல்லும். அடுத்தடுத்த வாசிப்புகளின் வித்தியாசத்தைப் போடும் ஏற்ற இறக்க முறையில் அந்தக் கழித்தல்களாவது சோதனைக்குள் வரும். ஆகவே இடைநோக்கு நிறைய இருக்கிற நாளில், கணக்கு நீளமானாலும், நான் ஏற்ற இறக்கத்தையே போடுகிறேன். தேர்வுக்கு எது சுருக்கம் என்று கேட்டால் வேறு பதில்தான்.

படிப்பதில் வரும் தப்பு எப்படி வருகிறது என்றும் பார்த்தேன். ஸ்டாஃப் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் நின்றால் தொலைநோக்கிக் குழாய்க்குள் தெரிவது சின்னத் துண்டுதான். மீட்டர் எண் அந்தத் துண்டுக்கு வெளியே இருக்கும். 385 தெளிவாகத் தெரிகிறது, 1.385-ஆ 2.385-ஆ என்பது தெரிவதில்லை. முந்தைய வாசிப்பு 2-இல் தொடங்கியிருந்தால் கை தானாக 2 என்று எழுதிவிடும். இப்போது பக்கத்தில் ஸ்டாஃப் நின்றால், அண்ணனிடம் விரலை ஸ்டாஃபில் வைத்து மேலே ஏற்றச் சொல்கிறேன். விரல் குழாய்க்குள் தெரியும் குறுக்குக்கோட்டுக்கு (கிராஸ் ஹேர்) வந்ததும் நிறுத்தி, அந்த இடத்தில் இருப்பதை அவரையே உரக்கப் படிக்கச் சொல்கிறேன்.

லெவல் சுற்றை ஆரம்பித்த பெஞ்ச் மார்க்கிலேயே (உயரம் தெரிந்த புள்ளி) கொண்டுவந்து மூடினால் எல்லாம் சரி என்றும் நம்பியிருந்தேன். மலைச்சரிவில் ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது பின்நோக்கு இறக்கத்தைப் பார்க்கிறது, அதனால் நீளமாக எடுக்க முடிகிறது. முன்நோக்கு மேட்டை முட்டுவதால் குட்டையாகிறது. பின்நோக்கு 40 மீட்டர், முன்நோக்கு 20 மீட்டர் என்று இருக்கட்டும். லெவலின் பார்வைக்கோடு 20 செகண்ட் சாய்ந்திருந்தால், ஒரு தடவை கருவி வைப்பதற்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தப்பு. உச்சிக்குப் போக 15 தடவை வைத்தால் 30 மில்லிமீட்டர். இறங்கும்போது நீளமும் குட்டையும் இடம் மாறிக்கொள்கின்றன, தப்பும் குறி மாறித் திரும்பக் கழிகிறது. அடிவாரத்தில் சுற்று சுத்தமாக மூடும். உச்சியின் உயரம் மட்டும் 30 மில்லிமீட்டர் தப்பாகவே நிற்கும். இரண்டு ஆணி அடித்து, நடுவில் ஒரு தடவையும் ஒரு ஆணிக்கு அருகில் ஒரு தடவையும் கருவியை வைத்துப் பார்த்தால் இந்தச் சாய்வு கால் மணி நேரத்தில் வெளிவந்துவிடும். இரண்டு நோக்கையும் சம தூரத்தில் எடுத்தால் அதுவும் தேவைப்படாது, தானே கழிந்துவிடும்.

கோணம் அளக்கும் தியோடலைட்டில் இரு முகத்திலும், அதாவது குழாயைப் புரட்டி இன்னொரு முறையும், படித்துச் சராசரி எடுத்தால் பார்வைக்கோட்டுப் பிழை போகும், கிடை அச்சின் பிழையும் போகும். நிலை அச்சு செங்குத்தாக நிற்காததால் வரும் பிழை போகாது. முகம் மாற்றினாலும் அது அதே பக்கம்தான் சாயும். அதனால்தான் ரசமட்டத்தைப் பற்றிச் சார் அவ்வளவு கண்டிப்பு. செயற்கைக்கோள் வழியாக இடம் காணும் ஜி.என்.எஸ்.எஸ். பற்றி ஒன்று மட்டும்: ஆன்டெனா உயரத்தைத் தப்பாக அடித்தால் திரையில் காட்டும் துல்லியம் ஒரு துளிகூடக் கெடாது. எல்லாப் புள்ளியும் ஒன்றாகச் சேர்ந்து மேலே போகும், அல்லது கீழே போகும்.

இந்தியாவை முக்கோணங்களால் அளக்கத் தொடங்கிய லாம்டனைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் முன்பே படித்திருந்தேன். அப்போது ஆண்டுகள் மட்டும்தான் மனதில் நின்றன. இப்போது திரும்பப் படித்தபோது வேறு ஒன்று கண்ணில் பட்டது. 1802-இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் ஏறக்குறைய ஏழரை மைல் அடிக்கோட்டை (மற்ற நீளங்களைக் கணக்கிட ஆதாரமான கோடு) 100 அடி உருக்குச் சங்கிலியால் அளந்தார். சங்கிலியை மரத்தொட்டிகளுக்குள் கிடத்தி, வெப்பமானிகளை அருகிலேயே வைத்து, வெப்பத்துக்குத் திருத்தம் போட்டார். அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக மேற்கே நகர்ந்தார். முக்கோணத்தின் கோணங்கள் கூடி வந்ததே, அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. 1804-இல் பெங்களூருக்கு அருகே இன்னொரு அடிக்கோட்டைத் தரையில் புதிதாகச் சங்கிலி போட்டு அளந்து, முக்கோணங்கள் வழியாக வந்த கணக்கோடு ஒப்பிட்டார். வித்தியாசம் சில அங்குலங்கள். கோணங்கள் எவ்வளவு அழகாகக் கூடினாலும் நீளத்துக்கு அவை சாட்சி சொல்ல முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பத்தியை மூன்று தடவை படித்தேன்.

என் டிராவர்ஸை மறுநாள் மாறிலி 0 போட்டுத் திரும்ப ஓட்டினேன். இந்தத் தடவை 23 மில்லிமீட்டரில் மூடியது. முதல் தடவையைவிடச் சற்று மோசம்! சார் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பழைய பக்கத்தைக் கிழிக்க விடவில்லை. குறுக்கே ஒற்றைக் கோடு, மேலே தேதி, பக்கத்தில் காரணம். அழித்து எழுதுவது எங்கள் வேலையில் கிடையாது.

இப்போது ஒவ்வொரு நாளும் பீல்டு புக்கின் தலையில் பிரிசம் எண், அதன் மாறிலி, கருவியில் போட்டிருக்கிற மாறிலி, இந்த மூன்றையும் எழுதிய பிறகுதான் முதல் கோணத்தைப் படிக்கிறேன். நாளைக்கு ஐந்து முனை நிலம். இரண்டு முனைகளுக்கு அருகில் பழைய கட்டுப்பாட்டுப் புள்ளிகள், அதாவது இடம் முன்பே துல்லியமாகத் தெரிந்த கற்கள், இருப்பதாக வரைபடம் காட்டுகிறது. கல் இன்னும் இருக்கிறதா என்று காலையில் வெயில் ஏறுவதற்குள் தேட வேண்டும். அண்ணனை மண்வெட்டி எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.