ஆரல்வாய்மொழிக் காற்றும் 27,500 ரூபாய் ஹெல்மெட்டும்

எங்கள் வீட்டு வாசல் நடையில், மின்சார மீட்டருக்குக் கீழே ஓர் ஆணி இருக்கிறது. ஆறு வருடமாக அதில் தொங்கும் என் ஹெல்மெட்டின் விலை 27,500 ரூபாய். 2020 ஜனவரியில் கம்பெனிக் கூட்டத்துக்குச் சென்னை போனபோது வாங்கியது. இப்போது கன்னத்துப் பஞ்சு அமுங்கிவிட்டது. தலையை ஆட்டினால் ஹெல்மெட் ஒரு நொடி தாமதமாகத் திரும்புகிறது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லித் தயாரிப்பாளர்களே எழுதுகிறார்கள். மாற்றத்தான் வேண்டும். அதே விலையில் இன்னொன்று வாங்குவதா என்ற கேள்வி இரண்டு மாதமாக என்னை விடவில்லை.

நான் மருந்துப் பிரதிநிதி. வீடு பாளையங்கோட்டையில். வாரத்தில் இரண்டு நாள் நாகர்கோவில். போக 80 கிலோமீட்டர், வர 80. மற்ற நாட்களில் நாங்குநேரி, வள்ளியூர், களக்காடு, அம்பாசமுத்திரம் என்று ஏதாவது ஒரு பக்கம். இருபது வருடமாக இதே பிழைப்பு. மருந்துப் பையைவிட அதிக நேரம் என்னோடு இருந்த பொருள் ஹெல்மெட்தான்.

முதல் ஹெல்மெட் 350 ரூபாய். 2007 ஜூன் 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்று அரசு அறிவித்தபோது வண்ணார்பேட்டையில் சாலையோரம் தார்ப்பாய் விரித்துக் குவித்திருந்தார்கள். போலீஸ் பிடிக்காமல் இருந்தால் போதும் என்று எல்லோரும் வாங்கினோம். பின்பக்கம் ஐ.எஸ்.ஐ. ஸ்டிக்கரும் இருந்தது, நகத்தால் சுரண்டினால் உரிந்து வந்தது. அடுத்தது 1,450 ரூபாய், முகம் முழுவதும் மூடுவது, கடையில் பில்லோடு வாங்கியது. அந்த இரண்டாவது ஹெல்மெட்டால்தான் இதை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2019 அக்டோபர். பணகுடி தாண்டி, மாலை ஐந்தரை மணி. தூறல் விட்டிருந்தது. சர்வீஸ் ரோட்டிலிருந்து ஆடுகள் ஏறின. முதல் நான்கு ஆடுகள் போய்விட்டன என்று நினைத்து பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன், ஐந்தாவது வந்தது. வேகம் நாற்பதுக்கு மேல் இருக்காது. இடது தோள் முதலில் தரையைத் தொட்டது, அடுத்து தலை. அந்தச் சத்தம் இன்றும் நினைவிருக்கிறது: தேங்காயைக் கல்லில் போட்டு உடைப்பதுபோல, ஆனால் காதுக்குள்ளே. காறை எலும்பு முறிந்தது. தலைக்கு ஒன்றும் இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள், அதிலும் ஒன்றும் இல்லை.

கட்டுப் போட்ட கையோடு வீட்டில் இருந்த நாட்களில் ஒரு வேலை செய்தேன். பரணில் கிடந்த 350 ரூபாய் ஹெல்மெட்டையும், விழுந்த ஹெல்மெட்டையும் நடுவில் அறுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். என் கை ஓடாது என்பதால் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகள், இரும்பு அறுக்கும் ஆக்சா பிளேடால் அறுத்தாள். சாலையோர ஹெல்மெட் ஐந்து நிமிடத்தில் இரண்டாகிவிட்டது. ஓடு, அதற்கடுத்து ஒட்டுப்போட்ட ஸ்பாஞ்சு, நெற்றிப் பக்கம் மட்டும் விரல் அகலத்துக்கு ஒரு தெர்மாகோல் பட்டை. டிவிப் பெட்டிக்குள் வைத்து வருமே, அதே தெர்மாகோல். கட்டைவிரலால் அழுத்தினால் குருணை குருணையாக உதிர்ந்தது. பக்கவாட்டில் தெர்மாகோலே கிடையாது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு நான் விழுந்திருந்தால் என் காதுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே ஸ்பாஞ்சு மட்டும்தான் இருந்திருக்கும்.

1,450 ரூபாய் ஹெல்மெட்டை அறுக்க மகளுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. உள்ளே மூன்று சென்டிமீட்டர் தடிப்பில் கறுப்புத் தெர்மாகோல், தலை முழுவதும். வெளியே இடது பக்கம் வெறும் கீறல்தான். உள்பக்கம் துணியை உரித்துவிட்டுத் தடவினால், கீறலுக்கு நேரே தெர்மாகோல் அமுங்கி ஒரு பள்ளம். ஒரு ரூபாய் நாணயத்தை அதில் பதிக்கலாம். "அப்பா, இது உங்கள் தலை" என்றாள் மகள், பள்ளத்தில் விரலை வைத்துக்கொண்டே. முகவாய்ப் பகுதியில் பெயிண்ட் போய், பிளாஸ்டிக்கும் தேய்ந்திருந்தது. பாதி மூடும் ஹெல்மெட் போட்டிருந்தால் அங்கே தேய்ந்திருக்க வேண்டியது என் தாடை.

அடியை வாங்குவது ஓடு அல்ல, தெர்மாகோல். ஓடு கூரான பொருள் குத்தாமல் தடுக்கும், அடியைப் பரப்பிவிடும். தெர்மாகோல் நசுங்கும். அது நசுங்க எடுத்துக்கொள்ளும் கண்ணிமைப்புக்கும் குறைவான நேரம்தான், மூளை மண்டையோட்டில் போய் மோதும் வேகத்தைக் குறைக்கிறது. ஒரு முறை நசுங்கினால் மறுபடி எழும்பாது. அதனால்தான் அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், தூக்கி எறியச் சொல்கிறார்கள். யாருக்கும் தானமாகக்கூடக் கொடுக்காதீர்கள். அறுத்துவிட்டுப் போடுங்கள்.

இவ்வளவும் கண்ணால் பார்த்த பிறகும் பயம் தெளியவில்லை. 1,450 ரூபாய் இவ்வளவு காப்பாற்றியது என்றால் 27,500 ரூபாய் எவ்வளவு காப்பாற்றும் என்று மனம் கணக்குப் போட்டது. அந்தக் கணக்கோடுதான் சென்னையில் அந்தக் கடைக்குள் நுழைந்தேன்.

வாங்கியதற்காக வருந்தியதில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கம் ஆனியில் தொடங்கும் காற்று ஆவணி வரை ஓயாது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை, காற்றாலைகள் நிற்கும் முப்பந்தல்காரர்கள் பழமொழியாக எண்ண மாட்டார்கள். காவல்கிணற்றில் நாகர்கோவில் சாலைக்குத் திரும்பியதும், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று முகத்தில் அறையும். பழைய ஹெல்மெட்டை அந்தக் காற்று மேல்நோக்கித் தூக்கும். கழுத்துப் பட்டை தொண்டையை அறுக்கும். காதுக்குள் ரயில் ஓடும். நாகர்கோவிலில் முதல் டாக்டரைப் பார்க்கும்போதே தலைவலி வந்திருக்கும். புது ஹெல்மெட் அந்தக் காற்றில் அசையவில்லை. கண்ணாடிக் கதவைச் சாத்தியதுபோலச் சத்தம் விலகி நின்றது. மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன்: பழையது 1,540 கிராம், புதியது 1,370. 170 கிராம் என்பது ஒரு நல்ல கொய்யாப்பழம். எட்டு மணி நேரம் கழுத்தில் அந்தக் கொய்யாப்பழம் இல்லை என்பது மாலையில் தெரியும். மழையில் முகமூடிக் கண்ணாடிக்குள் மூச்சு படிந்து மங்கவில்லை. உள்துணியைக் கழற்றி வாரம் ஒருமுறை ஷாம்பூவில் அலசலாம். பணத்துக்குக் கிடைத்தவை இவை. ஆறு வருடத்தில் ஏறத்தாழ 1,500 நாள் போட்டிருப்பேன். ஒரு நாளைக்கு 18 ரூபாய். டீக்கும் வடைக்கும் ஆகும் செலவு.

ஆனால் நான் அதை வாங்கியது காற்றுக்காக அல்ல, உயிருக்காக. அந்தக் கணக்கு சரியா என்று பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். பிரிட்டனில் அரசாங்கமே 2007 முதல் ஹெல்மெட்களைக் கடையில் வாங்கிச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கிறது. 'ஷார்ப்' என்று பெயர். அந்தப் பட்டியலில் மலிவான ஹெல்மெட்கள் ஐந்து நட்சத்திரம் வாங்கியிருக்கின்றன. பல மடங்கு விலையுள்ளவை மூன்றோடு நின்றிருக்கின்றன. விலை ஏற ஏறப் பாதுகாப்பும் ஏறும் என்ற என் எண்ணம் அங்கேயே உடைந்தது.

சோதனை எப்படி நடக்கிறது என்பதும் என்னை உலுக்கியது. ஐரோப்பாவின் 22.05 விதிப்படி ஹெல்மெட்டைப் பட்டடைமேல் மோதவிடும் வேகம் நொடிக்கு 7.5 மீட்டர், அதாவது மணிக்கு 27 கிலோமீட்டர். இப்போதைய 22.06 விதி அதோடு 8.2 மீட்டர் வேகச் சோதனையையும் சேர்த்து, சாய்வான பரப்பில் மோதி மூளை சுழன்று குலுங்குவதையும் அளக்கிறது. 27 கிலோமீட்டர்தானா என்று முதலில் ஏமாற்றமாக இருந்தது. யோசித்தால் புரிகிறது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தலை விழுந்தால் தரையைத் தொடும் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர்தான். முன்னோக்கிப் போகும் வேகம் தரையில் உரசி இழுபட்டுத் தீரும். நான் விழுந்தது அப்படித்தான். அதே வேகத்தில் போய், நின்றிருந்த லாரியின் பின்பக்கம் தலை நேராக மோதியிருந்தால், ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் விற்கும் ஜப்பானிய அராயோ ஷோயியோ போட்டிருந்தாலும் நம்பிக்கையாக ஒன்றும் சொல்ல முடியாது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து முன்னால் போகும் லாரிக்கும் எனக்கும் நடுவில் அதிக இடம் விடுகிறேன்.

என் பகுதியில் ஒரு மூளை நரம்பியல் அறுவை மருத்துவர் இருக்கிறார். இரவு ஒன்பதரைக்குப் பிறகுதான் எங்களைப் பார்ப்பார். ஒரு நாள் என் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விலையைக் கேட்டார், சொன்னேன். "நல்லதுதான் சார். ஆனால் இங்கே கொண்டுவருகிறவர்களின் உறவினர்கள் எல்லோரும் 'ஹெல்மெட் போட்டிருந்தார் டாக்டர்' என்கிறார்கள். பட்டை மாட்டியிருந்தாரா என்று கேட்டால் பதில் வராது" என்றார். ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "வீட்டில் அம்மாவுக்கு என்ன வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

என் மனைவியிடம் இருந்தது 800 ரூபாயின் பாதி ஹெல்மெட். அளவு பெரியது. கொண்டைக்கு மேலே உட்காரட்டும் என்று அப்படி வாங்கியிருந்தோம். கொண்டைமேல் உட்காரும் ஹெல்மெட் நெற்றியை விட்டு மேலே நிற்கும். பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் பின்னால் வழுகும். இதை அவள் பல முறை சொல்லியிருக்கிறாள். பின்னால்தானே உட்காருகிறாய் என்று நான் தள்ளிப்போட்டேன். மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கையில் 2022ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்த்தபோது என் பதிலை நினைத்து உடம்பு கூசியது. ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள்.

போன சனிக்கிழமை மூவரும் கடைக்குப் போனோம். மகள் இப்போது கல்லூரி மாணவி. ஸ்கூட்டரில் நான்கு கிலோமீட்டர் போகிறாள். தையல் டேப்பைக் கையோடு கொண்டு போயிருந்தேன். புருவத்துக்குச் சற்று மேலே, பின்மண்டையின் புடைப்பைச் சுற்றி அளந்தேன். எனக்கு 58 சென்டிமீட்டர், மனைவிக்கு 55, மகளுக்கு 54. சிறிய தலைகளுக்கு அளவு கிடைக்க நேரம் ஆயிற்று. கடைக்காரப் பையன் மாடியிலிருந்து நான்கு பெட்டி இறக்கினார். ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் பார்த்தேன். 2021 ஜூன் முதல் அது இல்லாமல் ஹெல்மெட் விற்பதே சட்டவிரோதம். கூடவே 22.06 சான்றும் உள்ளதாகப் பார்த்தேன். இப்போது ஐயாயிரம் ரூபாய்ப் பக்கத்திலேயே அப்படிக் கிடைக்கிறது. எனக்கு 7,900. மனைவிக்கும் மகளுக்கும் தலா 4,800. மூன்றும் முகம் மூடுபவை. மொத்தம் 17,500.

என்னுடையது 1,460 கிராம். பழையதைவிட 90 கிராம் கூடுதல். ஆடி மாதத்தில் கழுத்து அதை உணரும், தெரிந்துதான் வாங்கினேன்.

மகளுக்குப் போட்டுப் பார்த்தபோது கன்னம் இரண்டும் பிதுங்கின. "இறுக்கமாக இருக்கிறது அப்பா" என்றாள். புதிதில் அப்படித்தான் இருக்க வேண்டும், பத்து நாளில் பஞ்சு தலைக்குப் பழகிவிடும் என்றேன். ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் திருப்பினேன். நெற்றித் தோலும் கூடவே திரும்பியது. அந்த அளவு சரி. மனைவி கண்ணாடி முன்னால் நின்று கொண்டையை அவிழ்த்துத் தாழப் பின்னலிட்டுக்கொண்டு, தானே மாட்டிப் பட்டையைச் சொடுக்கினாள். திரும்பும்போது ஹைகிரவுண்டு வளைவில் முதல் முறையாக அவள் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் இடிக்கவில்லை.