எந்த வரி டிரைவருக்குள், எந்த வரி வெளியே

எங்கள் டேட்டா அக்விசிஷன் கார்டுக்கான (சிக்னல்களை அளந்து கணினிக்குத் தரும் கார்டு) லினக்ஸ் டிரைவரில் எல்லாமே ஒரே ஹெடர் ஃபைலில், அதாவது நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் வரையறைகளின் ஃபைலில், கிடந்தது: ரிஜிஸ்டர் ஆஃப்செட் (கார்டின் உள் முகவரிகள்), டிஎம்ஏ டிஸ்கிரிப்டர் (கார்டு நேரடியாக மெமரிக்கு டேட்டா அனுப்புவதற்கான குறிப்பு), ஐஆக்டல் எண்கள் (அப்ளிகேஷன் டிரைவருக்கு அனுப்பும் கட்டளை எண்கள்), டீபக் மேக்ரோ. அப்ளிகேஷன் எழுதுபவர்கள் அதை அப்படியே காப்பி அடித்து வைத்துக்கொள்வார்கள். லினக்ஸின் மையமான கெர்னலிலேயே 2012 வரை ஏறக்குறைய இதே கதைதான். உள்விஷயங்களை ஒரே ஃபைலுக்குள் இஃப்டெஃப் என்ற நிபந்தனை போட்டு மறைத்தார்கள். 3.7 பதிப்பில்தான், கெர்னல் டெவலப்பர் டேவிட் ஹவல்ஸின் வேலையால், யூசர் ஸ்பேஸுக்கு (கெர்னலுக்கு வெளியே அப்ளிகேஷன்கள் ஓடும் பக்கம்) போகிறவை யூஏபிஐ என்ற தனி டைரக்டரிக்குக் குடிபோயின.

நாங்களும் பிரிக்க உட்கார்ந்தோம். ஐஆக்டல் எண்களும் அவற்றோடு போகும் ஸ்ட்ரக்டுகளும் (பல ஃபீல்டுகள் சேர்ந்த டேட்டா தொகுப்புகள்) வெளியே, டிஎம்ஏ டிஸ்கிரிப்டர் உள்ளே. அதில் பேச்சே இல்லை. இழுபறி வந்தது கார்டின் நிலையைச் சொல்லும் ஸ்டேட்டஸ் பிட்டுகளில்.

"நாலு பிட்தானே, கொடுத்தா என்னங்க குறைஞ்சிடும்?" என்றார் அப்ளிகேஷன் நண்பர். அந்த பிட்டுகள் ஹார்டுவேர் ரிஜிஸ்டரில் இருப்பவை. அடுத்த போர்டில், அதன் எஃப்பிஜிஏ சிப்பை வடிவமைப்பவர் ஒன்றை இடம் மாற்றினால் பழைய புரோகிராம்கள் எல்லாம் தப்பாகப் படிக்கும். யூசர் ஸ்பேஸை உடைக்கக்கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸ் எவ்வளவு கறார் என்பது ஊருக்கே தெரியும். அதனால் 'ஓவர்ரன்' (டேட்டா நிரம்பி வழிந்தது), 'கிளாக் இல்லை' என்று எங்கள் சொந்தக் கொடிகளை வைத்து, ரிஜிஸ்டரிலிருந்து அவற்றுக்கு மாற்றும் வேலையை டிரைவரிடம் விட்டோம். ரிஜிஸ்டரை நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்பவர்களுக்கு டீபக்எஃப்எஸ்ஸில் (சோதனைக்காகக் கெர்னல் தரும் தனி ஃபைல் சிஸ்டம்) ஒரு ஃபைல். அதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டோம்.

ஸ்ட்ரக்டுகள்தான் நேரத்தைத் தின்றன. ஒன்றில் முதலில் 32 பிட் சேனல் எண், அடுத்து 64 பிட் நேரமுத்திரை. 32 பிட் எக்ஸ்86இல் அதன் அளவு 12 பைட். 64 பிட்டில், 64 பிட் எண் 8 பைட் எல்லையில் தொடங்கவேண்டும் என்பதால், இடையில் 4 பைட் ஓட்டை விழுந்து 16. ஐஆக்டல் எண்ணுக்குள்ளேயே ஸ்ட்ரக்டின் அளவும் சேர்ந்திருப்பதால், 64 பிட் கெர்னலில் ஓடும் 32 பிட் புரோகிராம் வேறு எண்ணையே அனுப்பும். டிரைவர் அதை அடையாளமே காணாது. ஓட்டை இருந்த இடத்தில் வெளிப்படையாக ஒரு 32 பிட் 'ரிசர்வ்டு' ஃபீல்டு போட்டோம். பாயின்டர் இருந்த இடங்களில் 64 பிட் எண். லாங், பூல், ஈனம் போன்ற, அளவு நிலையில்லாத டைப்புகள் எல்லாம் ஸ்ட்ரக்டை விட்டு வெளியேறின.

அப்புறம், யூசர் ஸ்பேஸுக்கான ஹெடர்களைப் பிரித்தெடுக்கும் மேக் ஹெடர்ஸ்_இன்ஸ்டால் கட்டளையை ஓட்டி, வெளியே வந்த ஹெடரை மட்டும் இன்க்ளூட் செய்து ஒரு வெற்று சி ஃபைலை கம்பைல் செய்து பார்த்தோம். கொடிகளில் இருந்த பிட் மேக்ரோ அங்கே மாட்டியது. அது கெர்னலுக்குள் மட்டும் உள்ள சரக்கு. அதைச் சாதாரண சி ஷிஃப்டாக (1ஐ இடப்பக்கம் நகர்த்துவது) மாற்றினோம். லைசென்ஸ் வரியில், அப்ளிகேஷன்கள் இந்த ஹெடரைத் தடையின்றிப் பயன்படுத்த உதவும் சிஸ்கால் விதிவிலக்கைச் சேர்த்தது சில நொடி வேலை.

ரிசர்வ்டு ஃபீல்டு பூஜ்யமாக இல்லாவிட்டால் டிரைவர் மறுக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். இன்று குப்பையை ஏற்றுக்கொண்டால் நாளை அந்த இடத்துக்கு ஓர் அர்த்தம் கொடுக்கவே முடியாது. சோதனைக்குக் கொடுத்ததும் நண்பரிடமிருந்து போன்: "என்னங்க, உங்க புது டிரைவர் எதைக் கொடுத்தாலும் வேண்டாங்குது?" முதலில் ஸ்ட்ரக்டைப் பூஜ்யமாக்க ஒரு மெம்செட் போடுங்கள் என்றேன். முனகிக்கொண்டே போட்டார்.