திரைச்சீலைக்கு அளவெடுக்கும்போது

புது வீட்டுக்குத் திரைச்சீலை வாங்கப் போகிறவர்கள் முதலில் கம்பியை மாட்டிவிடுங்கள். ஜன்னலை அளக்க வேண்டாம், கம்பியை அளந்தால் போதும். சட்டத்துக்கு மேலே 4 அங்குலம், இரண்டு பக்கமும் 6 அங்குலம் தள்ளிக் கம்பி இருந்தால் சின்ன ஜன்னலும் பெரிதாகத் தெரியும். பகலில் துணியை ஒதுக்கினால் வெளிச்சமும் முழுசாக வரும்.

நம் கடைகளில் ரெடிமேட் என்றால் பெரும்பாலும் 5, 7, 9 அடி நீளம், 4 அடி அகலம். கம்பியின் நீளத்தைப் போல இரண்டு மடங்காவது துணி வேண்டும். இல்லையென்றால் மூடும்போது மடிப்பே விழாமல் பெட்ஷீட் காயப்போட்ட மாதிரி நிற்கும். கையில் பணம் குறைவா, விலை குறைந்த துணியாக எடுங்கள், அகலத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நாங்கள் கரூரில் ஏற்றுமதிக்குப் போக மிஞ்சிய பருத்தித் துணியை மீட்டர் கணக்கில் எடுத்தோம். மேற்குப் பார்த்த படுக்கையறைக்கு மட்டும் லைனிங். "நனைச்சுக் காயவெச்சுக் கொண்டா கண்ணு, பருத்தி சுருங்கும்" என்று சொல்லி, அதன் பிறகுதான் டெய்லர் அக்கா துணியைக் கையில் வாங்கினார். அருமையான கை அவருக்கு. கீழ் மடிப்புக்கு 4 அங்குலம் விட்டார். அந்தக் கனத்தில்தான் துணி நேராகத் தொங்குகிறது. வளையம் வைத்த ரெடிமேட் திரையைக் குட்டையாக்குவதென்றால் கீழே மட்டும் வெட்டச் சொல்லுங்கள். வளையங்கள் இரட்டைப்படையில் இருக்கட்டும், அப்போதுதான் இரண்டு ஓரமும் சுவர்ப்பக்கம் திரும்பும்.

ஹாலுக்கு இன்னும் எடுக்கவில்லை. அடுத்த மாதச் சம்பளம் வரட்டும்.